நிலக்கரி அடுப்பும் துண்டுப் பீட்சாவும்

நியூயார்க் மாநகரத்தில் மிகச் சிறந்த பீட்சா எந்தக் கடையில் கிடைக்கும் என்ற வினாவை அந்நகரவாசிகள் இருவர் கூடியிருக்கும் இடத்தில் எழுப்பிவிட்டு, சமாதானமாக வீடு திரும்பலாம் என்று எதிர்பார்ப்பவர் மனித சுபாவத்தை அறியாதவர். அரசியலில் விட்டுக்கொடுப்பவர்கள்கூட இவ்விஷயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. அவரவர் பிறந்து வளர்ந்த பேட்டையின் முனைக்கடையே உலகில் சிரேஷ்டமானது என்பது அவரவர் சித்தாந்தம். பத்திரிகைகள் வெளியிடும் தரவரிசைப் பட்டியல்களில் எனக்கு அதிக நம்பிக்கை கிடையாது. முற்றிலும் வேறான இரண்டு மூன்று பதார்த்தங்களை ஒரே பெயரின் கீழ் நிறுத்தி, இது முதல், அது இரண்டாவது என்று அவை வரிசை கட்டிவிடுகின்றன. கடையின் பெயரை விசாரிப்பதற்கு முன் அதன் அடுப்பை விசாரிக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

தென் இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த ஏழை மக்கள் நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாவைத் தங்களோடு கொண்டுவந்தார்களே தவிர, அதைச் சுட்டெடுத்த விறகடுப்பைக் கொண்டுவர இயலவில்லை. நியூயார்க்கின் ரொட்டிக்கடைகளில் அக்காலத்தில் எரிந்துகொண்டிருந்தது நிலக்கரிதான். ஜென்னாரோ லொம்பார்டி என்பவர் மன்ஹாட்டனின் ஸ்பிரிங் தெருவில் 1905-ஆம் வருஷம் அமெரிக்காவின் முதல் பீட்சாக் கடையைத் தொடங்கினார் என்பது பரம்பரையாக வழங்கிவரும் சரித்திரம். அவருக்கு முன்பே சுட்டு விற்றவர்கள் உண்டென்று பழைய பத்திரிகைகளைத் துருவிய ஆராய்ச்சிக்காரர்கள் வாதிடுகிறார்கள். எப்படியாயினும், அவரிடம் வேலை பார்த்த ஆன்டனி பெரோ 1924-இல் கோனி தீவில் திறந்த 'டொட்டோனோஸ்', 1929-இல் தோன்றிப் பிற்பாடு பிளீக்கர் தெருவில் நிலைத்த 'ஜான்ஸ்', 1933-இல் கிழக்கு ஹார்லெமில் எழுந்த 'பாட்ஸிஸ்' ஆகியவை யாவும் அந்த நிலக்கரி வம்சத்தைச் சேர்ந்தவை. ஆதிக்கடையான லொம்பார்டியோ 1984-இல் மூடப்பட்டு, பத்து வருஷங்களுக்குப் பின் அதே தெருவில் சற்றுத் தள்ளி, பழைய நிலக்கரி அடுப்பொன்று இருந்த கட்டடத்தில் மறுபிறவி எடுத்தது.

நிலக்கரி அடுப்பின் உள்ளே வெப்பம் ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸை எட்டும். அவ்வளவு கடும் அனலில் பீட்சா சில நிமிஷங்களில் வெந்துவிடுவதால், அடிப்பாகம் ஆங்காங்கே கருகி மொறுமொறுப்படைய, உட்பாகம் ஈரப்பசை குன்றாமல் மிருதுவாகவே இருக்கும். அந்தக் கருகலைக் கண்டு முகஞ்சுளித்துத் தட்டைத் திருப்பியனுப்பும் வெளியூர்க்காரர்கள் உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் அதைத் தேடியே வருகிறார்கள். இத்தகைய கடைகளில் பெரும்பாலும் முழுப் பீட்சாதான் கிடைக்கும். துண்டு கிடையாது என்று ஜான்ஸ் கடை வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறது. பாட்ஸிஸ் மட்டும் துண்டும் விற்கிறது.

பாமர ஜனங்களின் பீட்சா வேறொன்று. 1930-களில் எரிவாயுவால் இயங்கும் தட்டடுப்பு பீட்சாவுக்கென்று வந்துசேர, யுத்தத்துக்குப் பின் அது தெருவுக்குத் தெரு பரவியது. இதன் வெப்பம் 260 முதல் 290 டிகிரி வரைதான். பீட்சா அதற்கேற்ப அதிக நேரம் உள்ளே இருந்தாக வேண்டும். புதிய மொஸரெல்லாவை அவ்வளவு நேரம் சூட்டில் வைத்தால் நீர்விட்டு மாவைக் குளமாக்கிவிடும் என்பதால், ஈரம் குறைந்த பாலாடைக்கட்டி இங்கே அவசியமாயிற்று. பதினெட்டு அங்குல வட்டம் எட்டாக அரியப்பட்டு, கேட்பவருக்கு ஒரு துண்டு மீண்டும் சூடேற்றித் தரப்படுகிறது. வாங்கியவர் அதை நெடுக்கில் மடித்துக்கொண்டு நடந்தபடியே தின்கிறார். ஒரு துண்டின் விலையும் சுரங்க ரயில் கட்டணமும் கைகோத்தே ஏறுகின்றன என்று 1980-இல் ஒருவர் கண்டு சொன்னது இன்றும் அந்நகரத்தின் பிரியமான பொருளாதாரத் தத்துவமாக இருக்கிறது. கார்மைன் தெருவின் 'ஜோஸ்' 1975 முதல் இவ்வகைக்கு இலக்கணமாக நிற்கிறது. புரூக்ளினில் 1965-இல் 'டி ஃபாரா'வைத் தொடங்கிய டொமெனிக்கோ டி மார்க்கோ, 2022-இல் காலமாவதற்குச் சில வருஷங்கள் முன்வரை, பீட்சாக்களைத் தம் கையாலேயே தட்டி, வெந்து வந்தவற்றின்மேல் துளசியைக் கத்தரிக்கோலால் நறுக்கித் தூவிக்கொண்டிருந்தார். அவசரப்பட்டவர்களுக்கு அங்கே இடமில்லை.

கடையைச் சோதிக்க விரும்புவோர் மேலே எதுவும் சேர்க்காத சாதாரணத் துண்டையே கேட்க வேண்டும்; இறைச்சியும் குடமிளகாயும் பல குற்றங்களை மறைத்துவிடும். துண்டைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்ப்பது நலம்: வெளிறிய நிறம் அடுப்பு காயவில்லை என்பதைச் சொல்லும். மாவு நன்கு புளித்திருந்தால் விளிம்பில் சமமற்ற குமிழ்கள் தெரியும். குளிர்ப்பெட்டியில் ஓரிரு நாள் மெல்லப் புளித்த மாவின் சுவையே தனி. ஊர்க்காரர்கள் எல்லாப் புகழையும் குடிநீருக்கே அர்ப்பணம் செய்கிறார்கள். மாவும் அவகாசமும் செய்வதில் பாதிகூடத் தண்ணீர் செய்யுமென்று நான் நம்பவில்லை. பெயர்ப்பலகையையும் நம்ப வேண்டாம்: ஒருகாலத்தில் 'ரே' என்ற பெயரில் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத எத்தனையோ கடைகள், 'அசல்' என்றும் 'ஆதி' என்றும் அடைமொழி சூட்டிக்கொண்டு தெருமுனைகளை ஆக்கிரமித்திருந்தன.

சதுரமாக, பஞ்சுபோல் தடித்த சிசிலிப் பீட்சாவைத் தனியே எடைபோட வேண்டும். புரூக்ளினின் 'எல் அண்ட் பி ஸ்புமோனி கார்டன்ஸ்' பாலாடைக்கட்டியைக் கீழே பரப்பி, தக்காளிச் சாற்றை அதன்மேல் ஊற்றிச் சுடுகிறது. அந்தத் தலைகீழ் வரிசையால் மாவு நமுத்துப்போவதில்லை.

நிலக்கரி வம்சத்துக்கு வாரிசுகள் பெருகுவது இனிக் கடினம். பழைய நிலக்கரி, விறகு அடுப்புகள் தங்கள் புகையில் 75 சதவீதத்தைக் குறைக்க வேண்டுமென்று நகர நிர்வாகம் விதித்த கட்டளை 2024-இல் அமலுக்கு வந்துவிட்டது. ஆயினும் மாநகரத்தின் எல்லையைச் சற்றுத் தாராளமாக வரைந்துகொண்டு, கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் புறநகர் ரயிலேறி இரண்டு மணி நேரம் பிரயாணம் செய்யச் சித்தமாக இருப்பவர்களுக்கு நியூ ஹேவன் இருக்கிறது. அங்கே வூஸ்டர் தெருவில் ஃபிராங்க் பெப்பே 1925-இல் ஆரம்பித்த கடையில், தக்காளியே இல்லாமல் மட்டியும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து நிலக்கரி அனலில் சுடுகிறார்கள். வெறும் பீட்சா கேட்பவருக்குத் தக்காளியும் துருவிய பாலாடைக்கட்டியும் மட்டுமே வரும். மொஸரெல்லா வேண்டுமென்றால் தனியே சொல்ல வேண்டும்.