பசியும் மானமும்: ஒரு காலத் திரைப்படத்தைக் காணும் முறை

வரலாற்று நூல் ஒரு காலத்தின் நெருக்கடியை ஆண்டுகளாலும் எண்களாலும் விளக்குகிறது. திரைப்படம் அதே நெருக்கடியை ஒரு வீட்டின் அடுப்பங்கரையிலிருந்து காட்டுகிறது. கடந்த காலத்தைக் களமாகக் கொண்ட படத்தைக் காண்போர் இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கப் பழக வேண்டும். அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு, ரான் ஹோவர்ட் இயக்கத்தில் 2005ஆம் ஆண்டு வெளிவந்த 'சின்ட்ரெல்லா மேன்' என்னும் ஆங்கிலத் திரைப்படம். அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜேம்ஸ் பிராடக்கின் வாழ்க்கையை அது சொல்கிறது. பிராடக்காக ரஸ்ஸல் குரோவும், அவருடைய மனைவி மேயாக ரெனே ஜெல்வெகரும் நடித்துள்ளனர்.

பெருமந்தம் என்பது யாது?

1929 அக்டோபர் இறுதியில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. கடன் வாங்கிப் பங்குகளில் முதலீடு செய்திருந்தோர் தம் உடைமைகளை இழந்தனர். கொடுத்த கடன் திரும்பாததாலும், அச்சமுற்ற மக்கள் தம் சேமிப்பை ஒரே நேரத்தில் திரும்பக் கேட்டதாலும் வங்கிகள் முடங்கின. 1930 முதல் 1933 வரை ஏறத்தாழ 9,000 வங்கிகள் மூடப்பட்டன. மக்கள் கையில் பணம் இல்லாததால் பொருள்கள் விற்கவில்லை. பொருள்கள் விற்காததால் தொழிற்சாலைகள் ஆட்குறைப்புச் செய்தன. வேலை இழந்தோர் பொருள் வாங்குவதை நிறுத்தினர். ஒன்றன் விளைவே மற்றொன்றின் காரணமாகிய இச்சுழல் 1933இல் உச்சத்தை எட்டியது. அவ்வாண்டில் அமெரிக்கத் தொழிலாளர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை.

பொருள்கள் பேசும் காட்சிகள்

இந்நிலையைப் படம் நீண்ட உரையாடலால் விளக்கவில்லை. 1928இல் வெற்றி பெற்று வீடு திரும்பும் பிராடக்கின் படுக்கையறை மேசை முதலில் காட்டப்படுகிறது. அதில் நகையும் பிற விலையுயர்ந்த பொருள்களும் இருக்கின்றன. அடுத்து ஐந்தாண்டு கடந்த காலத்தின் மேசை தோன்றுகிறது. அதன் எளிமையே இடையில் நிகழ்ந்த வீழ்ச்சி முழுவதையும் சொல்லிவிடுகிறது.

அதன்பின் வரும் காட்சிகளும் சிறிய பொருள்களைக் கொண்டே நகர்கின்றன. மே பாலில் நீர் கலந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார். பசியாறாத மகளுக்குத் தம் பங்கு உணவைக் கொடுக்கும் பிராடக், தாம் கனவிலேயே விருந்துண்டு விட்டதாகச் சொல்கிறார். ஒவ்வொரு நாள் காலையிலும் துறைமுக வாயிலில் வேலை தேடி ஒரு கூட்டம் நிற்கிறது. மேற்பார்வையாளர் சிலரை மட்டுமே சுட்டி அழைக்கிறார். முறிந்த கை தெரிந்தால் வேலை கிடைக்காது என்பதால், கைக்கட்டின் மீது காலணிக்குப் பூசும் கறுப்பு மையைத் தடவி மறைக்கின்றனர். 'வேலையின்மை' என்று பாடநூலில் நாம் படிக்கும் சொல்லின் பொருள் அந்தக் கறுப்பு மையில் இருக்கிறது.

மானத்தின் சோதனை

மூத்த மகன் கடையிலிருந்து இறைச்சித் துண்டு ஒன்றைத் திருடிக் கொண்டு வருகிறான். உணவுக்கு வழியின்றி அவனுடைய நண்பனை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். தனக்கும் அந்நிலை வருமோ என்பதே சிறுவனின் அச்சம். தந்தை அவனை அழைத்துச் சென்று பொருளைத் திருப்பித் தரச் செய்கிறார். பிள்ளைகளை ஒருபோதும் பிரித்து அனுப்பமாட்டேன் என்றும் வாக்களிக்கிறார். ஆனால், மின்சாரம் துண்டிக்கப்பட்டு, குளிரில் பிள்ளைகள் நோயுற்றபோது, அவர்களை உறவினரிடம் அனுப்புவதைத் தவிர மேக்கு வேறு வழி தெரியவில்லை.

கொடுத்த வாக்கைக் காப்பதற்காகப் பிராடக் அரசின் உதவித்தொகை வரிசையில் நிற்கிறார். பிறகு, ஒரு காலத்தில் தம்மைக் கொண்டாடிய குத்துச்சண்டைத் துறையினர் முன் தொப்பியை நீட்டி உதவி கேட்கிறார். திருக்குறளில் நல்குரவு, இரவு, இரவச்சம் என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளதன் பொருத்தத்தை இக்காட்சி நமக்கு நினைவூட்டுகிறது. வறுமை இரக்கச் செய்கிறது. மானம் இரப்பதற்கு அஞ்சுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் மனிதனின் முகமே இப்படத்தின் உயிர்.

மீண்டெழுந்த வரலாறு

பிராடக்கின் வலக்கை பலமுறை முறிந்தது. துறைமுகத்தில் சுமைகளைக் கையாள இடக்கையையே மிகுதியும் பயன்படுத்தியதால் அது வலுப்பெற்றது. 1934 சூன் 14இல் கிடைத்த ஒரு வாய்ப்பில் அவர் கார்ன் கிரிஃபினை மூன்றாம் சுற்றில் வென்றார். ஓராண்டுக்குள், 1935 சூன் 13இல், உலகப் பெரும் எடைப்பிரிவு வாகையர் மேக்ஸ் பேயரை எதிர்கொண்டார். பிராடக் தோற்பார் என்றே பெரும்பாலோர் கருதினர். பதினைந்து சுற்றுகளின் முடிவில் நடுவர்கள் அவரை வெற்றியாளராக அறிவித்தனர். இதழாளர் டேமன் ரன்யன் சூட்டிய பட்டப்பெயரே படத்தின் தலைப்பாயிற்று. அடுப்புச் சாம்பலிலிருந்து அரண்மனைக்கு உயர்ந்த சின்ட்ரெல்லாவின் கதையை அப்பெயர் குறிக்கிறது.

எது வரலாறு? எது புனைவு?

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். படத்தில் வரும் மைக் வில்சன் என்னும் நண்பர் கற்பனைப் பாத்திரம். எனினும், அவர் சென்று சேரும் வீடற்றோர் குடியிருப்புகள் உண்மையில் இருந்தவை. அன்றைய குடியரசுத் தலைவர் ஹூவரின் பெயரை ஏளனமாகச் சேர்த்து, மக்கள் அவற்றை 'ஹூவர்வில்' என்று அழைத்தனர். பலருடைய துன்பத்தை ஒரு கற்பனைப் பாத்திரத்தில் தொகுத்துக் காட்டுவது கலைக்குரிய உரிமை.

மேக்ஸ் பேயரின் சித்தரிப்பு அவ்வாறன்று. எதிராளியின் சாவைப் பொருட்படுத்தாத கொடியவராகப் படம் அவரைக் காட்டுகிறது. 1930இல் அவருடன் மோதிய ஃபிராங்கி காம்பெல் இறந்தது உண்மை. ஆனால், அச்சாவு பேயரை நெடுங்காலம் வருத்தியது என்பதும் வாழ்க்கைப் பதிவுகளில் உள்ளது. அவருடைய மகனும் படத்தின் சித்தரிப்பை வெளிப்படையாக மறுத்தார். நாயகனின் உயர்வைக் காட்ட இறந்துபோன ஒருவரைத் தாழ்த்துவது முறையன்று. தம் தரப்பை எடுத்துரைக்க அவர் இப்போது இல்லை. ஒருவர் மானத்தைப் போற்றும் படம் மற்றவர் மானத்தைக் காக்கத் தவறியது அதன் குறையேயாகும்.

எனவே, இத்தகைய படங்களைக் காணும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. பதிவுகளில் உள்ளது எது? கலைக்காகச் சேர்க்கப்பட்டது எது? அச்சேர்க்கையால் எவர்க்கேனும் அநீதி நேர்ந்துள்ளதா? இவ்வினாக்கள் படத்தின் சுவையைக் குறைப்பதில்லை.

வென்ற பரிசையும் பட்டத்தையும்விட, பிராடக் செய்த எளிய செயல் ஒன்று நினைவில் நிற்கிறது. மீண்டும் பணம் ஈட்டத் தொடங்கியதும், தாம் பெற்ற உதவித்தொகையை அரசிடம் அவர் திருப்பிச் செலுத்தினார். இது கற்பனையன்று; அவர் வாழ்வில் நிகழ்ந்தது. படத்தில் அவர் முன்பு நின்ற அதே வரிசையில் மீண்டும் நிற்கிறார், இம்முறை கொடுப்பதற்காக.