40 சதவீதம்னா தார்ப்பாய் போடணுமா, வேணாமா?

இந்த எபிசோட் ஒரு போன் காலில் ஆரம்பிக்குது.

செப்டம்பர் மாசம், சாயங்காலம் 4 மணி இருக்கும். நான் ஆபீஸ்ல ஒரு பக்-ஐத் துரத்திக்கிட்டு இருக்கேன். மதுராந்தகம் பக்கத்துல விவசாயம் பண்ற சித்தப்பா கூப்பிட்டார். சொர்ணவாரி நெல்லை அறுத்து ரோட்டோரமா காயப் போட்டிருக்கார்.

“தம்பி, இன்னைக்கு மழை வருமா? உன் போன்ல பாத்துச் சொல்லுடா.”

ஆப்பைத் திறந்து பார்த்தேன். “40 பர்சென்ட் சான்ஸ்னு காட்டுது சித்தப்பா.”

“நாப்பதுன்னா என்ன அர்த்தம்? தார்ப்பாய் போடணுமா, வேணாமா?”

பாதிக்கும் கீழதானேன்னு நினைச்சு, “பெருசா வராது சித்தப்பா”ன்னு சொல்லிட்டேன். ராத்திரி 8 மணிக்கு இடியோட கொட்டித் தீர்த்துடுச்சு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல 17 சதவீத ஈரப்பதம் வரைதான் எடுப்பாங்க. நனைஞ்ச நெல்லைத் திரும்பக் காயவைக்க ரெண்டு நாள், கூலி ஆள், அதுக்குள்ள முளை விட்டுடுமோங்கிற பயம். சித்தப்பா என்னைத் திட்டலை. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்தது.

அப்போ நான் தப்பாப் படிச்சது என்ன? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம். செங்கல்பட்டுல இருந்து மாமல்லபுரம் கடற்கரை வரைக்கும், பாலாற்றின் கடைசிப் பகுதியில், செப்டம்பர் - அக்டோபர் மழையை எப்படிப் புரிஞ்சுக்கறது?

மேற்கே ஒரு மழை, கிழக்கே ஒரு மழை

புரட்டாசியில பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்னு ஊர்ல சொல்வாங்க. பகல் முழுக்க வெயில் கொளுத்தும், ராத்திரி கொட்டும். இதுல நல்ல இயற்பியல் இருக்கு.

செப்டம்பர்ல தென்மேற்குப் பருவமழை இன்னும் முடியலை. மேலே காற்று மேற்கில் இருந்து கிழக்கே போகுது. பகல் வெயில்ல நிலம் சூடாகி, காற்று மேலே எழும்புது. மதியத்துக்கு மேல கடல்காற்று கரை ஏறி உள்ளே வருது. இந்த ரெண்டு காற்றும் முட்டிக்கிற இடத்துல இடிமேகம் கிளம்பும். இதைத்தான் செய்தியில ‘வெப்பச்சலன மழை’ன்னு சொல்றாங்க. பெரும்பாலும் வேலூர், திருவண்ணாமலை பக்கம் மதியம் உருவாகி, மேற்குக் காற்றோட நகர்ந்து, சாயங்காலமோ ராத்திரியோ நம்ம பக்கம் வரும். மாமல்லபுரத்துக்குச் சில நாள் தூங்கப் போற நேரத்துக்குத்தான் வந்து சேரும். வழியிலயே கரைஞ்சு போறதும் உண்டு.

இந்த மேகங்கள் சின்னது. சில கிலோமீட்டர் அகலம்தான். உத்திரமேரூர்ல வெளுத்து வாங்கும், மதுராந்தகத்துல ஒரு தூறல்கூட இருக்காது. அதனால ‘40 சதவீதம்’ங்கறதை, ‘இன்னைக்கு இந்தப் பகுதியில மேகம் உருவாகும் சூழல் இருக்கு, உன் களத்து மேல விழறதுக்கு பத்துக்கு நாலு வாய்ப்பு’ன்னு எடுத்துக்கணும். ‘மழை கொஞ்சமாத்தான் வரும்’னு அதுக்கு அர்த்தமே கிடையாது. நான் செஞ்ச முதல் தப்பு அதுதான்.

அக்டோபர்ல எல்லாம் தலைகீழ். தென்மேற்குப் பருவமழை விலகி, காற்று வடகிழக்கில் இருந்து, வங்காள விரிகுடா மேல ஈரத்தை அள்ளிக்கிட்டு வரும். நம்ம பக்கம் வடகிழக்குப் பருவமழை தொடங்குற சராசரித் தேதி அக்டோபர் 20. மழை பெஞ்சா மட்டும் வானிலை ஆய்வு மையம் ‘தொடங்கிடுச்சு’ன்னு அறிவிக்காது. கடலோரத்துல கிழக்குக் காற்று நிலைச்சு வீசணும், அது சுமார் 1.5 கிலோமீட்டர் உயரம் வரை இருக்கணும், மழையும் பரவலாப் பெய்யணும்.

இந்த மழை கடல்ல உருவாகி, ராத்திரியிலும் விடியக்காலையிலும் கரையைத் தொடும். மாமல்லபுரம், கோவளம், கல்பாக்கம் நனையும். உள்ளே போகப் போகக் குறையும். மதுராந்தகம் தாண்டி நல்லாப் பெய்யணும்னா பெரும்பாலும் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியோ மண்டலமோ வரணும்.

அதனால ஒரு எளிய விதி: செப்டம்பர்ல சாயங்காலம் மேற்கே பாருங்க. நவம்பர்ல விடியக்காலையில கிழக்கே பாருங்க.

சீசன் கணிப்பு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

வடகிழக்குப் பருவமழை எப்படி இருக்கும்னு இந்திய வானிலை ஆய்வுத் துறை செப்டம்பர் கடைசி வாக்குல ஒரு கணிப்பு வெளியிடும். மறுநாள் எல்லாரும் ‘இயல்பை விட அதிகம்’, ‘இயல்பான மழை’ன்னு தலைப்புப் போடுவாங்க. அதுல மூணு விஷயம் கவனிக்கணும்.

ஒண்ணு, அது தமிழ்நாட்டுக்கு மட்டுமான கணிப்பு இல்லை. தமிழ்நாடு - புதுவை, கேரளா, கடலோர ஆந்திரா, ராயலசீமா, தென் உள் கர்நாடகா எல்லாம் சேர்ந்த தென் தீபகற்பத்துக்கானது. ரெண்டு, ‘இயல்பு’ங்கறது ஒரு எண் கிடையாது. நீண்டகால சராசரியில 88-ல் இருந்து 112 சதவீதம் வரைக்கும் எல்லாமே இயல்புதான். மூணு, அது அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை மூணு மாசத்தோட மொத்தம். எந்த வாரம், எந்த ஊர்னு அது சொல்லாது.

நம்ம வேலையில, சராசரி ரெஸ்பான்ஸ் டைம் நல்லா இருக்குன்னு டாஷ்போர்டு பச்சையாக் காட்டும். அதே நேரத்துல நூத்துல ஒரு யூசருக்கு ஆப் தொங்கிக்கிட்டு இருக்கும். மழையும் அப்படித்தான். 2023-ஐ எடுத்துக்கோங்க. தமிழ்நாட்டுல சீசன் மொத்தம் இயல்பைவிட 4 சதவீதம்தான் அதிகம். பச்சை லைட். ஆனா டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல்ல சென்னை மூழ்கியது. ரெண்டு வாரத்துல தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. தமிழ்நாட்டுக்கு மூணு மாசத்துக்குச் சராசரியே சுமார் 44 சென்டிமீட்டர்தான்!

இதுக்கு எதிர்ப்பக்கம் 2016. டிசம்பர் 12 அன்னைக்கு வர்தா புயல் சென்னை பக்கத்துல கரையைக் கடந்து மரங்களைச் சாய்ச்சது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா அந்த சீசன்ல தமிழ்நாட்டுக்கு மழை 62 சதவீதம் குறைவு. புயல் வந்த வருஷமும் வறட்சி வருஷமும் ஒண்ணா இருக்க முடியும்.

‘எல் நினோ வந்தா வடகிழக்குப் பருவமழை ஜோரா இருக்கும்’னு ஒரு பேச்சு இருக்கு. அதுல உண்மை இருக்கு. 2015-ல வலுவான எல் நினோ, மழையும் பேய்மழை. ஆனா 2021 லா நினா வருஷம். அந்த விதிப்படி மழை குறையணும். நடந்தது என்ன? சீசன் மழை இயல்பைவிட 59 சதவீதம் அதிகம். வழக்கமா மணலாக் கிடக்கிற பாலாற்றில், நவம்பர்ல ஒரு லட்சம் கன அடிக்கு மேல தண்ணி ஓடுச்சு. எல் நினோ தாயத்தைக் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்க்கும், அவ்வளவுதான். என்ன விழும்னு அதால முடிவு பண்ண முடியாது.

அப்போ முடிவு எப்படி எடுக்கறது?

இதுதான் சித்தப்பாவோட உண்மையான கேள்வி. இதுக்கு வானிலை மட்டும் பதில் சொல்லாது, செலவும் நஷ்டமும் சேர்ந்துதான் சொல்லும்.

தார்ப்பாய் போட என்ன செலவு? ரெண்டு பேர், அரை மணி நேரம். போடாம நனைஞ்சா என்ன நஷ்டம்? ரெண்டு நாள் உழைப்பு, கூலி, விலை. செலவு சின்னது, நஷ்டம் பெருசு. அப்போ 40 என்ன, 20 சதவீதம்னாலே போட்டுடணும். இதுவே ஒரு நாள் அறுவடையைத் தள்ளிப்போட்டு, மெஷின் வாடகை கைவிட்டுப் போகும்னா, 20 சதவீதத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம். ஒரே எண்தான். முடிவு வேற. ‘பாதிக்கும் கீழ, அதனால வராது’ன்னு நான் கணக்குப் போட்டது ரெண்டாவது தப்பு.

பெரிய முடிவுகளுக்கும் இதே கணக்குதான். சம்பாவுக்கு பிபிடி 5204 மாதிரி அஞ்சு மாச ரகம் போடறதா, கோ 51 மாதிரி 105 - 110 நாள் ரகம் போடறதா? செங்கல்பட்டு மாவட்டத்துல 500-க்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கு. ஏரியிலயும் கிணத்துலயும் இப்பவே தண்ணி நின்னா, சீசன் கணிப்பு கொஞ்சம் தப்பினாலும் நீண்ட ரகம் தாங்கும். ஏரி காலியா இருந்தா, ‘இயல்பான மழை’ங்கற ஒரு வரியை நம்பி அஞ்சு மாசத்தைப் பந்தயம் கட்டறது ஆபத்து. முதல்ல ஏரியைப் பாருங்க, அப்புறம் கணிப்பைப் பாருங்க.

நான் இப்போ சித்தப்பாவுக்கு மூணு அடுக்காப் பதில் சொல்றேன்.

இன்னைக்குச் சாயங்காலத்துக்கு ரேடார். சென்னைத் துறைமுகத்திலும் பள்ளிக்கரணையிலும் ரேடார் இருக்கு. படங்கள் வானிலை ஆய்வு மையத்தோட இணையதளத்துல இலவசம். மேகம் எந்தப் பக்கம் நகருதுன்னு பார்த்தா ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி தெரிஞ்சுடும். இந்த வாரத்துக்கு, செவ்வாய், வெள்ளிகளில் வர்ற வேளாண் வானிலை அறிக்கை. ‘மேக்தூத்’ ஆப்லயும் கிடைக்கும், தமிழ்லயே இருக்கும். சீசனுக்கு, செப்டம்பர் கடைசிக் கணிப்பு. அதை ஒரு சாய்வாத்தான் எடுத்துக்கணும், வாக்குறுதியா இல்லை.

நகரத்துல இருக்கற நமக்கும் இது பொருந்தும். பழைய மகாபலிபுரம் ரோட்டுல தரைத்தளத்துல வண்டி நிறுத்தறவங்க, ‘இந்த வருஷம் இயல்பான மழைதானாம்’னு நிம்மதியா இருக்க வேண்டாம். உங்களுக்குத் தேவை மூணு மாச மொத்தம் இல்லை, அந்த ஒரு நாள். வண்டியை மேட்டுல நிறுத்த ஆகற செலவு என்ன, மூழ்கினா ஆகற நஷ்டம் என்னன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

போன வாரம் சித்தப்பா மறுபடி கூப்பிட்டார். ரேடார்ல வந்தவாசி பக்கம் சிவப்பா ஒரு திட்டு, கிழக்கே நகர்ந்துக்கிட்டு இருந்தது.

“சித்தப்பா, வரலாம், வராமலும் போகலாம். ஆனா தார்ப்பாய் போட்டுடுங்க.”

“போட்டாச்சுடா. நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான் கூப்பிட்டேன்.”

அன்னைக்கு ராத்திரி மதுராந்தகத்துல ஒரு சொட்டு விழலை. தார்ப்பாய் போட்டது அப்பவும் சரியான முடிவுதான். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.