காதால் தேடும் பந்து

பி.டி. பீரியடில் கால்பந்துப் பயிற்சி நடக்கிறது. 12 பேர் வரிசையில் நிற்கிறீர்கள். பந்து ஒன்றுதான். ஒருவர் பந்தைத் தட்டியபடி கோன்களைச் சுற்றி வந்து அடுத்தவருக்குக் கொடுக்க 20 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் முறை நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை வரும். அரை மணி நேரத்தில் ஏழெட்டுத் தடவை. கூட்டிப் பார்த்தால் பந்து உங்கள் காலில் இருந்தது இரண்டரை நிமிடம்! மீதி நேரமெல்லாம் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கோன் நகராது, பந்தைப் பறிக்க ஓடியும் வராது. நிஜ ஆட்டத்திலோ எதிரணிக்காரர் எங்கே, நம் ஆள் எங்கே, காலியிடம் எங்கே என்பதையெல்லாம் பந்து காலுக்கு வருமுன்பே மூளை கணக்குப் போட்டுவிட வேண்டும். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், தேர்ந்த ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் படம்பிடித்துக் கவனித்தார். பந்து வருவதற்கு முன் தலையைத் திருப்பித் திருப்பிச் சுற்றிலும் பார்ப்பவர்களின் பாஸ்கள்தாம் அதிகமாகச் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தன. கோனைச் சுற்றுவதற்குக் குனிந்து பந்தைப் பார்த்தாலே போதும். பிறகு தலை நிமிரும் பழக்கம் எங்கிருந்து வரும்?

இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களாக இருந்த டேவிட் பங்கர், ராட் தார்ப் இருவரும் 1982-இல், முதலில் பயிற்சி, பிறகு ஆட்டம் என்ற முறையையே தலைகீழாக்கச் சொன்னார்கள். முதலில் ஆட விடுங்கள். எங்கே தடுமாறுகிறோம் என்று பிள்ளைகளுக்கே தெரிந்தபின், அதற்கான உதையையும் தட்டலையும் சொல்லிக் கொடுங்கள். ஆனால் பெரியவர்களின் ஆட்டத்தை அப்படியே கொடுக்கக் கூடாது. ஆள், இடம், பந்து, விதி நான்கையும் சுருக்கியோ மாற்றியோ கொடுக்க வேண்டும். அந்த 12 பேரையே மூன்று மூன்று பேராகப் பிரித்து, இரண்டு சின்ன மைதானங்களில் ஆட விட்டுப் பாருங்கள். வரிசையே இருக்காது.

ஆட்டத்தை மாற்றலாம் என்று தெரிந்துவிட்டால், "இவனால் ஆட முடியாது" என்று யாரையும் ஓரத்தில் உட்கார வைக்க வேண்டியதில்லை. மோட்டார் சக்கர நாற்காலியில் ஆடும் கால்பந்துக்கு 33 செ.மீ. குறுக்களவுள்ள பெரிய பந்து. ஒரு காலை இழந்தவர்கள் ஊன்றுகோலுடன் ஓடி ஆடுகிறார்கள். ஊன்றுகோலால் பந்தைத் தள்ளக் கூடாது என்பது விதி. எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது பார்வையற்றோர் கால்பந்து. அதில் அவ்வளவு அறிவியல் இருக்கிறது.

அணிக்கு ஐந்து பேர். கோல்கீப்பருக்கு மட்டும் பார்வை உண்டு. மற்ற நால்வருமே கண்ணை மூடும் பட்டை அணிய வேண்டும். சிலருக்கு வெளிச்சம் லேசாகத் தெரியலாம், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. பட்டை கட்டிவிட்டால் எல்லோரும் சமம். மைதானம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். பந்து வெளியே ஓடாதபடி பக்கவாட்டில் பலகைகள் இருக்கும். பந்துக்குள் சலசலக்கும் சிறு கிலுகிலுப்பைகள். பந்தைப் பறிக்கப் போகிறவர் "வோய்!" என்று குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். ஸ்பானிய மொழியில் 'வருகிறேன்' என்று பொருள். குரல் கொடுக்காமல் போனால் ஃபவுல். எதிரணியின் கோலுக்குப் பின்னால் நம் வழிகாட்டி ஒருவர் நின்று திசை சொல்லுவார். ஃப்ரீ கிக் அடிக்குமுன் கோல் கம்பங்களைத் தட்டியும் காட்டுவார். ஆட்டம் ஓடும்போது பார்வையாளர்கள் வாய் திறக்கக் கூடாது. 2004-இல் ஏதென்ஸில் இந்த ஆட்டம் பாராலிம்பிக்கில் சேர்ந்தது. அதிலிருந்து தொடர்ந்து ஐந்து முறை தங்கம் வென்றது பிரேசில். 2024-இல் பாரிஸில் பிரான்ஸ் வென்றது.

பந்து இருக்கும் திசை காதுக்கு எப்படித் தெரிகிறது? பந்து உங்களுக்கு வலப்பக்கம் சலசலத்தால் ஒலி வலது காதை முதலில் எட்டும். இடது காதை எட்ட அது தலையைச் சுற்றி ஏறத்தாழ 20 செ.மீ. கூடுதலாகப் போக வேண்டும். ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். வகுத்துப் பாருங்கள், 0.0006 விநாடி வரும். ஒரு தடவை கண் இமைக்கும் நேரத்துக்குள் இது நூறு தடவைக்கு மேல் அடங்கிவிடும். இத்தனை சின்ன இடைவெளியை மூளை பிடித்துக்கொள்கிறது! தலை மறைப்பதால் இடது காதில் ஒலி கொஞ்சம் குறைந்தும் கேட்கும். அதுவும் ஒரு தடயம்.

ஆனால் பந்து நேர் முன்னாலோ நேர் பின்னாலோ இருந்தால்? இரண்டு காதுக்கும் ஒலி ஒரே நேரத்தில் வந்துவிடும். மூளை குழம்பும். அப்போது தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்ப வேண்டும். பந்து முன்னால் இருந்தால் ஒலி இப்போது இடது காதுக்கு முந்தும். பின்னால் இருந்தால் வலது காதுக்கு முந்தும். பார்வையுள்ள நல்ல ஆட்டக்காரர் காண்பதற்காகத் தலையைத் திருப்புவதைப் போல, இவர்கள் கேட்பதற்காகத் திருப்புகிறார்கள். அசையாத கோன் இந்த இருவருக்குமே இதைக் கற்றுத் தராது.

உங்கள் பள்ளியிலும் ஆடிப் பார்க்கலாம். சலசலக்கும் பந்து கிடைக்காவிட்டால், சாதாரணப் பந்தை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக முடிச்சுப் போடுங்கள், உருளும்போது சரசரக்கும். புல்லிலோ மணலிலோ ஆடுங்கள். கண்ணைக் கட்டியபின் ஓடக் கூடாது, நடைதான். ஆசிரியர் பக்கத்திலேயே இருக்கட்டும். "வோய்" சொல்ல மறக்காதீர்கள். பந்தை உதைத்து அனுப்பாமல் இரண்டு கால்களுக்கும் நடுவே தட்டித் தட்டிக் கொண்டுபோங்கள். சத்தமும் விடாது, பந்தும் விலகாது. உங்கள் வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள நண்பர் இருந்தால், முதல் நாள் அவரையே பயிற்சியாளராக இருக்கச் சொல்லுங்கள். ஒலியைக் கொண்டு இடம் அறிவதில் அவருக்கு உங்களைவிட அனுபவம் அதிகம்.

ஆட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஒரு சிக்கல் வரும். பந்து ஓரிடத்தில் அசையாமல் நின்றுவிட்டால் சத்தமே இருக்காது. கண்ணைக் கட்டிய எல்லோரும் அதைத் தேடித் தடுமாறுவீர்கள். ஆட்டத்தை நிறுத்தி, எல்லோரும் உட்கார்ந்து அதற்கு ஒரு விதி எழுதுங்கள். பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம்.