காட்டு வீட்டுக்கு எவ்வளவு வானம் வேண்டும்?

பிரேசில் நாட்டின் மேற்கு ஓரத்தில், பெரு நாட்டு எல்லையை ஒட்டி, ஜவாரிப் பள்ளத்தாக்கு என்ற பெருங்காடு இருக்கிறது. பரப்பு சுமார் 85,000 சதுர கி.மீ. தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு! அங்கே இட்டுயி ஆற்றங்கரை ஊர்களில் மருபோ என்னும் பழங்குடி மக்கள் சுமார் 2,000 பேர் வாழ்கின்றனர். ஓலை வேய்ந்த ஒரே பெரிய கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் கூடி வாழ்வது அவர்கள் வழக்கம். சாலை கிடையாது. ஆற்றில் படகுதான், அதுவும் நாள் கணக்கில்.

இரவில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் அமெச்சூர் வானொலிக் கருவியில் ஓர் ஊர் அடுத்த ஊருக்குச் சொல்ல, அது அதற்கடுத்த ஊருக்குச் சொல்ல, இப்படிச் சங்கிலிபோல் செய்தி போய் அதிகாரிகளை எட்ட வேண்டும். அதன் பிறகே ஹெலிகாப்டர் கிளம்பும். நஞ்சு அதுவரை காத்திருக்குமா? 2023-ல் இந்த ஊர்களுக்கு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணைய ஏரியல்கள் இருபது நன்கொடையாக வந்து சேர்ந்தன. இப்போது கைபேசியில் நாலு எழுத்துத் தட்டினால் போதும்.

ஆனால் அந்த ஏரியலைக் காட்டுக்குள் எங்கே வைப்பது? இங்கேதான் நம் இயற்பியல் நுழைகிறது.

என் வகுப்பில் ஒரு நாள் கேட்டேன்: “ஒரு செயற்கைக்கோள் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. இன்னொன்று 550 கி.மீ. உயரத்தில். அடர்ந்த காட்டிலிருந்து எதை எளிதாகப் பிடிக்கலாம்?” ஏறக்குறைய எல்லாரும், “பக்கத்தில் இருப்பதைத்தான் சார்!” என்றார்கள். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

36,000 கி.மீ. உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே சுற்றும் செயற்கைக்கோள், பூமி ஒரு முறை சுழலும் நேரத்தில் தானும் ஒரு முறை சுற்றி முடிக்கிறது. எனவே நமக்கு அது வானில் ஒரே இடத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்கும். தொலைதூர ஊர்களுக்கு இணையம் கொடுக்கவென்று பிரேசில் 2017 மே மாதம் ஏவிய செயற்கைக்கோள் இப்படிப்பட்டதே. மேற்குத் தீர்க்கரேகை 75 பாகையில் அது நிற்கிறது. ஜவாரிப் பள்ளத்தாக்கு ஏறக்குறைய அதற்கு நேர் கீழே! கணக்கிட்டுப் பார்த்தால் அங்கிருந்து அது அடிவானத்துக்கு மேல் சுமார் 80 பாகையில், உச்சி வானத்தை ஒட்டித் தெரிய வேண்டும்.

காட்டு மரத்தின் உயரம் 35 மீட்டர் என்று கொள்வோம். அதன் உச்சிக்கு மேலாக 80 பாகைக் கோணத்தில் பார்க்க, மரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்? பத்தாம் வகுப்பு டேன்ஜென்ட் கணக்குதான். 35-ஐ 5.67-ஆல் வகுத்தால் சுமார் 6 மீட்டர். அதுவும் செயற்கைக்கோள் இருக்கும் பக்கத்தில் மட்டும். கிணற்றுக்குள் நின்று வானத்தைப் பார்ப்பது போல, ஒரு சின்னத் திறப்பு போதும்.

இனி 550 கி.மீ. உயரத்துக்கு வருவோம். இந்தச் செயற்கைக்கோள் நிற்காது, விநாடிக்கு 7.6 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. நான்கைந்து நிமிடங்களில் நம் வானத்தைக் கடந்துவிடும். அது போனால் அடுத்தது, பிறகு இன்னொன்று. ஸ்டார்லிங்கின் தட்டையான ஏரியலுக்குள் நூற்றுக்கணக்கான சிறு ஏரியல்கள் உள்ளன. அவற்றின் அலைக் கட்டங்களைச் சற்று முன்பின்னாக மாற்றி, பலகை அசையாமலேயே ஓடும் செயற்கைக்கோளைப் பார்வை பின்தொடர்கிறது. அழகான வேலை! ஆனால் ஓடுவதைத் தொடர வேண்டுமானால் அகன்ற வானம் வேண்டுமே. எல்லாத் திசையிலும் 25 பாகைக்கு மேலுள்ள வானம் திறந்திருக்க வேண்டுமென்றால், 35-ஐ 0.466-ஆல் வகுக்க வேண்டும். விடை 75 மீட்டர்! சுற்றிலும் அவ்வளவு தூரத்துக்கு மரம் கூடாது. இது கிணறு அல்ல, தெப்பக்குளம். ஒரு மரம் குறுக்கே நின்றால் செயற்கைக்கோள் அதன் பின்னே போகும்போதெல்லாம் தொடர்பு அறுந்து அறுந்து வரும். ஈர இலைகள் நுண்ணலைகளை நன்றாகவே விழுங்கும். ஆகவே வீட்டு முற்றமோ ஆற்றங்கரையோ கூரையின் உச்சியோதான் ஏரியலுக்கு ஏற்ற இடம்.

அப்படியானால் தொலைவில் நிற்பதையே வைத்துக்கொள்ளக் கூடாதா? கேள்வி மேலே போய்க் கீழே வந்து, பதிலும் மேலே போய்க் கீழே வர வேண்டும். நான்கு முறை 36,000 கி.மீ., ஒளியின் வேகத்திலேயே ஏறத்தாழ அரை விநாடி. மருத்துவரோடு பேசும்போது இருவர் பேச்சும் ஒன்றின்மேல் ஒன்று மோதும். 550 கி.மீ. என்றால் இந்தப் பயணத்துக்கு விநாடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. மற்றத் தாமதங்கள் சேர்ந்தாலும் பேச்சு இயல்பாக இருக்கும்.

அடுத்தது மழை. ஐப்பசி மழையில் நம் வீட்டுத் தொலைக்காட்சிப் படம் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 12 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2.5 செ.மீ. கனத்த மழைத்துளியின் விட்டம் நான்கைந்து மில்லிமீட்டர். அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவு என்பதால் துளி அலையைச் சிதறடிக்கிறது, உறிஞ்சவும் செய்கிறது. வெப்ப மண்டலத்தில் சுமார் 5 கி.மீ. உயரம் வரை மழை நீராகவே இருக்கும். 80 பாகையில் போகும் அலை மழைக்குள் 5 கி.மீ. சொச்சம்தான் கடக்கிறது, 25 பாகையில் போவதோ 12 கி.மீ. இங்கும் நிற்பதற்கே வெற்றி என்று தோன்றும். ஆனால் நிற்கும் செயற்கைக்கோளுக்கு நேராக ஒரு மேகம் வந்துவிட்டால் அது விலகும்வரை வேறு வழியில்லை. ஓடுபவற்றில் ஒன்று மறைந்தால் வேறு திசையில் மற்றொன்று கிடைக்கலாம்.

மின்சாரம்? இப்படி ஒரு வீட்டில் சூரியப் பலகையும் மின்கலமும்தான் கதி. ஏரியல் 60 வாட் எடுப்பதாகக் கொண்டால், 24 மணி நேரத்துக்கு 1,440 வாட்-மணி. 12 வோல்ட் மின்கலத்தில் இது 120 ஆம்பியர்-மணி. ஒரு பெரிய லாரி பேட்டரி அளவு.

2024-ல் வெளியான செய்தி ஒன்று சுவையானது. இளைஞர்கள் கைபேசியே கதியென்று கிடந்து வேட்டை, மீன்பிடிப்பு, பயிர் வேலைகளைக் கவனிப்பதில்லை என்று மருபோ பெரியவர்கள் கவலைப்பட்டார்கள். எனவே காலையில் 2 மணி நேரம், மாலையில் 5 மணி நேரம், ஞாயிறன்று முழு நாள் மட்டுமே இணையம் என்று தலைவர்கள் விதி வகுத்தார்கள். அவர்கள் நினைத்தது பிள்ளைகளை. நான் நினைப்பது மின்கலத்தை! 7 மணி நேரமென்றால் 35 ஆம்பியர்-மணி போதுமே. ஆனால் பாம்புக்கு விதி தெரியாது. நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு மணி நேரம் ஏரியலை ஓட்ட, 5 ஆம்பியர்-மணியாவது எப்போதும் மீதி வைத்திருக்க வேண்டும்.