கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எப்பொழுது மாற்றுவது?

பள்ளிகளிலும் கிளை அலுவலகங்களிலும் எட்டுப் பத்து ஆண்டுகளாக உழைத்துவரும் மேசைக் கம்ப்யூட்டர்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று திடீரென நின்றுவிட்டாலோ, காலையில் முதல் முயற்சியில் இயங்க மறுத்தாலோ, “எஸ்.எம்.பி.எஸ். பழையதாகிவிட்டது, மாற்றிவிடலாம்” என்று பழுது பார்ப்போர் கூறுவது வழக்கம். அது உண்மையாகவும் இருக்கலாம், வெறும் ஊகமாகவும் இருக்கலாம். தேவையின்றி மாற்றினால் பொதுப்பணம் வீணாகும். தேவையானபோது மாற்றாவிடில் ஹார்டு டிஸ்கும் அதிலுள்ள பதிவேடுகளும் கெடக்கூடும். ஆகையால் முடிவு செய்யும் முறையை அறிந்திருத்தல் நலம்.

எஸ்.எம்.பி.எஸ். என்பது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் அளவுள்ள நேர்திசை மின்சாரமாக மாற்றித் தரும் உலோகப் பெட்டியாகும். இதனுள் முதலில் முதுமையடைவன கெபாசிட்டர் எனப்படும் மின்தேக்கிகளும் விசிறியுமே. மின்தேக்கியினுள் இருக்கும் திரவம் வெப்பத்தால் மெல்ல உலர்கிறது. வெப்பநிலை 10 டிகிரி குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியாளர் கையாளும் கணக்கு. இதன்படி, 105 டிகிரி செல்சியஸில் 2,000 மணி நேரம் உழைக்கும் மின்தேக்கி 85 டிகிரியில் 8,000 மணி நேரமும், 65 டிகிரியில் 32,000 மணி நேரமும் உழைக்கும். ஆண்டுக்கு 2,000 மணி நேரம் இயங்கும் கம்ப்யூட்டரில் முன்னது 4 ஆண்டுகள். பின்னது 16 ஆண்டுகள். எனவே, பெட்டியின் வயது மட்டும் அதன் நிலையைக் காட்டாது. காற்றோட்டமும் தூசியின்மையும் அதனினும் முக்கியமானவை.

ஐயம் எழுந்தவுடன் செய்யவேண்டிய முதல் வேலை, கோப்புகளை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைப்பதாகும். அடுத்து, பிற காரணங்களை ஆராய்தல் வேண்டும். கடிகாரமும் தேதியும் மாறிப்போவது பெரும்பாலும் மதர்போர்டிலுள்ள சிறு பாட்டரி தீர்ந்ததன் அறிகுறி. கம்ப்யூட்டரின் உறையைத் தொட்டால் சுருக்கென்று தாக்குவது பெரும்பாலும் சுவரிலுள்ள எர்த் இணைப்பின் குறை. எர்த் இல்லாதவிடத்து எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டியே உறையில் மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கும். புதிய பெட்டியை மாட்டினும் அது தொடரும். மின்பணியாளர் எர்த்தைச் சரிசெய்யும்வரை அக்கம்ப்யூட்டரை இயக்கலாகாது.

இதன்பின், அளந்து பழகியவர் ஒருவர், கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருக்கும்போது மல்டிமீட்டரால் சோதிக்கலாம். மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட் வரையிலும், சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட் வரையிலும் இருத்தல் வேண்டும். இவ்வெல்லைக்கு வெளியே சென்றால் பெட்டியை மாற்றுவதே முறை. அளவு சரியாக இருப்பினும் ஐயம் முற்றும் தீராது. விரைவான மின்னலைவுகளை மல்டிமீட்டர் காட்டுவதில்லை. அந்நிலையில், பள்ளியின் கணினி அறையில் உள்ள அதே மாதிரிக் கம்ப்யூட்டரின் நல்ல பெட்டியைப் பொருத்திச் சில நாட்கள் பார்ப்பது சிறந்த சோதனை. குறை நீங்கினால் பழையதே குற்றவாளி. நீங்காவிடில் பழுது வேறிடத்தில் உள்ளது.

கருகிய வாடை, வெடிப்பொலி, நின்றுபோன விசிறி ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் சோதனைக்குக் காத்திராமல் உடனே இணைப்பைப் பிடுங்கிப் பெட்டியை மாற்றுதல் வேண்டும். எக்காரணத்தாலும் அதைத் திறக்கலாகாது. உள்ளிருக்கும் மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் தங்கியிருக்கக்கூடும்.

புதியது வாங்கும்போது மேலட்டையில் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணை மட்டும் நம்பலாகாது. 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். 25 ஆம்பியர் எனில் 300 வாட். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத சாதாரண அலுவலகக் கம்ப்யூட்டருக்கு அது தாராளமாகப் போதும். சில நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களில் பெட்டியின் அளவும் இணைப்பு முனையும் தனி வகையானவை என்பதால், பழையதை ஒப்பிட்டே வாங்குக.

கழித்த பெட்டியைக் குப்பையில் எறியாமல், 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். மாற்றிய நாளையும் கண்ட குறையையும் இருப்புப் பதிவேட்டில் குறித்து வைத்தால், அடுத்த கம்ப்யூட்டரைப் பற்றி முடிவு செய்யவேண்டி வரும்போது அக்குறிப்பு பெரிதும் பயன்படும்.