மிதிவண்டி வீராங்கனை பெரில் பர்ட்டன்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1937இல் பிறந்தவர் பெரில் பர்ட்டன். இளமையில் வாதக் காய்ச்சலால் பல திங்கள் மருத்துவமனையில் கிடந்த இவர், மணமான பின்னரே கணவர் துணையுடன் மிதிவண்டிப் பந்தயத்தில் இறங்கினார். தோட்ட வேலை செய்து பிழைத்துக்கொண்டே பயிற்சி பெற்று, சுற்றுத்தளப் பந்தயத்தில் ஐந்து முறையும், சாலைப் பந்தயத்தில் 1960, 1967 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகப் பட்டம் வென்றார்.

1967இல் பன்னிரண்டு மணி நேரப் போட்டியொன்றில் 277.25 மைல் கடந்தார். அதுவரை எந்த ஆடவரும் அவ்வளவு தொலைவு சென்றதில்லை. தமக்கு முன் புறப்பட்ட ஆடவர்களுள் முதல்வரை முந்துகையில், அவருக்கு ஒரு மிட்டாயையும் நீட்டினார்!

ஆயினும் ஒலிம்பிக் பதக்கம் இவருக்குக் கிட்டவில்லை. அங்கு மகளிர் மிதிவண்டிப் பந்தயம் 1984இல்தான் இடம்பெற்றது. அப்போது இவருக்கு வயது 47. குறை இவர் திறமையில் இல்லை. வாயிலைத் திறக்கக் காலம் தாழ்த்தியவர்களிடமே இருந்தது.