மடங்கிய விரல் நிமிராதது ஏன்?

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைவீதி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசரால் அமைக்கப்பட்டது. மூட்டை தூக்குதல், பூத்தொடுத்தல், பொட்டலம் கட்டுதல் முதலிய அங்காடித் தொழில்கள் யாவும் விரல்களின் இயக்கத்தையே நம்பியுள்ளன. இத்தகைய உழைப்பாளி ஒருவரின் விரல், காலையில் மடங்கியபடியே நின்று, மறு கையால் நிமிர்த்தும்போது சொடுக்கென்ற ஒலியுடன் விடுபடுவதுண்டு. இதனை மூட்டுவாதம் எனக் கருதி, வலிக்கும் கணுவில் தைலம் தேய்ப்பர். ஆயினும் பழுது மூட்டில் இல்லை.

விரலை மடக்கும் பெருந்தசைகள் முன்கையில் உள்ளன. அவற்றின் நாண்கள் உள்ளங்கை வழியாக விரலை அடைகின்றன. நாண் எலும்பை விட்டு விலகாதவாறு வளையம் போன்ற பட்டைகள் அதனைத் தாங்குகின்றன. விரலின் அடிப்பகுதியிலுள்ள முதல் வளையம் தடித்துக் குறுகினாலோ, நாணில் சிறு முண்டு தோன்றினாலோ, கிணற்றுக் கயிற்றின் முடிச்சு கப்பியில் சிக்குவதுபோல நாண் சிக்கிக்கொள்கிறது. மடக்கும் தசை வலிமை மிக்கதாதலின் முண்டை இழுத்துச் சென்றுவிடும். நிமிர்த்தும் தசைக்கு அவ்வலிமை இல்லை. இந்நாண் முண்டினை 1850இல் பிரெஞ்சு மருத்துவர் நோட்டா விவரித்தார்.

இடையறாது இறுகப் பற்றும் தொழில் இத்தொல்லையை மிகுவிக்கலாம். எனினும் நீரிழிவுக்கும் இதற்குமுள்ள தொடர்பே கருதத்தக்கது. பொதுமக்களில் 100க்கு 2 அல்லது 3 பேருக்கு வாழ்நாளில் வரக்கூடிய இந்நோய், நீரிழிவுடையோரில் 100க்கு ஏறக்குறைய 10 பேருக்கு வருகிறது. குருதியில் மிகுந்த சர்க்கரை, நாணிலும் உறையிலுமுள்ள கொலாஜன் புரதத்தோடு பிணைந்து அதனை விறைப்பாக்குகிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, கேரளத்தில் வயது வந்தோரில் 25.5 விழுக்காட்டினர் நீரிழிவுடையோர் எனக் கண்டது. ஆகவே விரல் சிக்குவோர் குருதிச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். கைகூப்பும்போது இரு கைவிரல்களும் இடைவெளியின்றிப் பொருந்தாவிடில், அதுவும் நீரிழிவினால் விளையும் கைவிறைப்பின் அறிகுறியாகலாம்.

வேறு இரு நோய்களையும் களப்பணியாளர் வேறுபடுத்தி அறிதல் நலம். பல மூட்டுகள் ஒருங்கே வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது முடக்குவாதமாகலாம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் சொடுக்கொலியின்றி வளைந்து, உணர்ச்சியும் குன்றியிருந்தால் தொழுநோயால் நரம்பு பழுதுற்றிருக்கக்கூடும். காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

சிக்கும் விரலை வலிந்து இழுத்தல் தகாது. தொடக்கத்தில் ஓய்வும், விரலை நிமிர்ந்த நிலையில் நிறுத்தும் சிம்பும் பயன் தரும். அடுத்த நிலையில் மருத்துவர் நாணுறையினுள் ஸ்டீராய்டு ஊசி இடுவர். இது சில நாட்களுக்குச் சர்க்கரையை உயர்த்துமாதலின் நீரிழிவுடையோர் அந்நோயை முன்னரே மருத்துவருக்குத் தெரிவித்தல் அவசியம். இவற்றிற்கும் இணங்காத விரலை, அவ்விடத்தை மட்டும் மரக்கச்செய்து வளையத்தை வெட்டிவிடும் சிறு அறுவையால் விடுவிக்கலாம். கையுழைப்பால் வாழ்வோருக்கு விரலின் சிறு சிக்கலும் வருவாய் இழப்பாகும்; உரிய காலத்தில் காரணத்தை அறிந்தால் அவ்விழப்பைப் பெரிதும் தவிர்க்கலாம்.